ஐம்பது மைக்ரோகிராம் வாசல்

மீனம்பாக்கம் சரக்கு முனையத்தில்
மூன்றாவது நாளாக நிற்கிறது
என் தெர்மாகோல் பெட்டி.
உலர்பனி இன்னும் எவ்வளவு மிச்சம் என்று
திறந்து சொல்ல ஆளில்லை.
வெளியே வைகாசி.

படிவத்தில் இரண்டு கட்டங்கள்:
உயிருள்ளது, உயிரற்றது.
கண்காணிப்பாளர் ஞானசெல்வம் பேனாவை நீட்டுகிறார்.
"எலின்னு போட்டிருக்கே மேடம், எலி எங்க?"

எலி இல்லை சார்.
எலியின் செல் ஒன்றுக்கு
வெளிச்சுவரில் ஒரு வாசல் உண்டு,
அது மட்டும்தான்.
அதுவும் எலியைக் கீறி எடுத்ததில்லை.
எழுத்தைக் கடன் வாங்கி
மனிதச் சிறுநீரகச் செல்லுக்குள்
வேற்றூர்க் கொத்தனார் கட்டியது.

"எதுக்கு வாசல்?"

சாவு வந்து தட்டுவதற்கு.

அவர் என்னைப் பார்த்தார்.
மின்விசிறியைப் பார்த்தார்.
உயிரற்றது என்ற கட்டத்தில்
அவரே ஒரு டிக் போட்டார்.
முத்திரை விழுந்த வேகத்தில்
டீ கிளாஸ் தட்டோடு நடுங்கியது.

திரிசூலத்தில் ஏறினேன்.
மடியில் பெட்டி. எதிர் இருக்கைக்காரி கேட்டாள்:
"வஞ்சிரமா? கிலோ என்னாச்சு?"
மீன் இல்லைங்க.
"பின்ன எதுக்கு ஐஸு?"
கெட்டுப் போகாம இருக்க.
"மீனுக்கும் அதுக்குத்தான்."

கிலோ என்ன விலை?
ஐம்பது மைக்ரோகிராம் நாற்பத்திரண்டாயிரம் என்றால்
பழவந்தாங்கல் தாண்டுவதற்குள்
எண்பத்து நாலாயிரம் கோடி வந்துவிட்டது.
பெட்டியை இன்னும் கொஞ்சம்
இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

தரமணியில் நிலோஃபர் குழாயை
ட்யூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள்.
"காலியா இருக்கு. ஏமாத்திட்டானுங்களா?"
காலியில்லை.
அடியில், நாக்கு பட்ட கண்ணாடி போல
ஒரு மங்கல்.
முதலில் சுழற்று. பிறகு திற.
உப்புநீர் சொட்டுச் சொட்டாக.
குலுக்காதே.

தட்டின் முதல் வரிசையில்
எலியின் கல்லீரல் செல்களும் சாவுச்சேதியும்.
சேதி தட்டும், செல் திறக்கும்.
உள்ளிருந்து ஒவ்வொரு விளக்காக அணைத்து
பக்கத்து வீட்டில் ஒரு துளி சிந்தாமல்
தன்னைத் தானே
பொட்டலம் கட்டி வைக்கும்.
கூச்சலில்லாத ஒழுங்கு.

இரண்டாம் வரிசையில் அதே செல்கள், அதே சேதி.
கூடவே, பெட்டியில் வந்த என் வாசல்கள்,
சுவரில்லாமல், நடை இல்லாமல்
நீரில் மிதக்கும் வெறும் வாசல்கள்.
சேதி அங்கே போய்த் தட்டும்.
தட்டிக்கொண்டே இருக்கும்.
உள்ளே யாரும் இல்லை என்று
சொல்லவும் உள்ளே யாரும் இல்லை.

நள்ளிரவில் மின்சாரம் போனது.
முப்பத்தேழு டிகிரி இன்குபேட்டருக்குக் கவலையில்லை,
ஊரே ஏறக்குறைய அதுதான்.
மைனஸ் எண்பதுக்காகத்தான்
டீசல் கேனோடு ஓடினார் அந்தோணிதாசன்,
ஒற்றைச் செருப்பில்.

காலையில் மைக்ரோஸ்கோப்.
முதல் வரிசை உருண்டு, கொப்புளித்து, உதிர்ந்திருந்தது.
இரண்டாம் வரிசை
தரையோடு ஒட்டிப் படுத்திருந்தது,
விடுமுறை நாள் மாதிரி.
நடுவில் ஒரே ஒரு செல் மட்டும்
யாரும் தட்டாமலே போயிருந்தது.
நோட்டில் அதற்கென்று பத்தி கிடையாது.
'பின்னணி' என்று எழுதினேன்.

பதினோரு மணிக்கு ஞானசெல்வம் கூப்பிட்டார்.
ரசீதில் ஒரு கையெழுத்து விட்டுப் போச்சாம்.
நாளை வருகிறேன் என்றேன்.
வைக்கவில்லை.
பின்னால் ட்ராலிகள் உருளும் சத்தம்.

"அந்த வாசல் வேலை செஞ்சுதா மேடம்?"

செஞ்சுது சார்.

"இங்க அடையாறுல, ஆஸ்பத்திரியில...
அதெல்லாம் குடுப்பாங்களா?"

குழாய் இன்னும் கையில் இருந்தது.
லேபிளில் எறும்பு எழுத்து:
ஆய்வுக்கு மட்டும்.
மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல.

இல்ல சார், என்றேன்,
இது எலிக்கு.

"ஆமா," என்றார்.
"எலின்னுதான் போட்டிருந்துச்சு."